பொதிகைப் பாதையில் – 4: இடம் சொல்லாத பூ

போணக்காட்டிலிருந்து ஏறத் தொடங்கி, அதிருமலை முகாமில் பையை இறக்கியபோது அந்தி சாய்ந்துவிட்டது. கட்டன் சாயா ஆறுவதற்குள், வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடி இளைஞரிடம் மஞ்சள் செருப்பு ஆர்க்கிடைப் பற்றிக் கேட்டேன்.

“இருக்கு சாரே. எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க.”

அவர் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூர் மலைகளில் 1865இல் இந்தச் செடியைக் கண்டவர் கர்னல் ஹீபர் ட்ரூரி. சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், 1874இல் அவர் பெயரையே சூட்டி ‘சிப்ரிபீடியம் ட்ரூரியை’ என்று விவரித்தார். பிறகு நெடுங்காலம் காட்டில் கண்ணில் படாததால், அழிந்தேவிட்டது என்று நம்பினார்கள். 1972இல் மறுபடி தென்பட்டது. செய்தி பரவியதும் வியாபாரத்துக்காக வேரோடு பெயர்த்துப் போனார்கள். காணாமல் போயிருந்த காலமே அதற்குப் பத்திரமாக இருந்திருக்கிறது.

பெட்டோம் வைத்த பெயரும் நிலைக்கவில்லை. குளிர்நாட்டுச் சிப்ரிபீடியங்களின் இலை மெல்லியது, மடிப்பு மடிப்பாக இருக்கும், குளிர்காலத்தில் மடிந்துவிடும். ஆசியாவின் வெப்பப் பகுதிச் செருப்பு ஆர்க்கிடுகளுக்கோ இலை தோல்போலத் தடித்து ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். இவற்றை ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிட்சர் 1886இல் ‘பாபியோபீடிலம்’ என்று தனிப் பேரினமாகப் பிரித்தார். 1892இல் ஸ்டைன் நம் பூவை அதில் சேர்க்க, அது பாபியோபீடிலம் ட்ரூரியை ஆனது. பெரும்பாலான ஆர்க்கிடுகளில் மகரந்தம் தரும் கேசரம் ஒன்றுதான். செருப்பு ஆர்க்கிடுகளில் இரண்டு. பூவில் செருப்புபோல இருக்கும் இதழ் நடப்பதற்கல்ல, வழுக்குவதற்கு. தேன் கிடையாது. உள்ளே சறுக்கி விழும் பூச்சிக்குப் பின்பக்கமாகக் குறுகிய வழிதான் உண்டு. சூல்முடியை உரசி, மகரந்தத்தை முதுகில் அப்பிக்கொண்டுதான் வெளியேற முடியும்.

இரண்டு நாட்களுக்கு முன் பாலோடு தாவரவியல் தோட்டத்தில் இதைத் தொட்டியில் பார்த்திருந்தேன். மஞ்சள் இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு, மையில் தோய்த்து இழுத்ததுபோல. இந்தியாவின் மற்ற பாபியோபீடிலங்கள் வடகிழக்கு மலைகளில் இருக்க, இது மட்டும் தன்னந்தனியாக அகத்தியமலையில் எப்படி வந்து தங்கியது என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் இது ‘மிக அருகிய இனம்’. அழிவின் விளிம்புக்கு முந்தைய படி அல்ல, விளிம்பே அதுதான். சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்பில் இருப்பதால், காட்டிலிருந்து எடுத்த செடியை நாடு விட்டு நாடு விற்க முடியாது. நம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972தான்; ஆனால் அதில் தாவரங்களுக்கு இடம் கிடைத்தது 1991 திருத்தத்தில். செருப்பு ஆர்க்கிடுகள் உட்பட ஆறு வகைச் செடிகள் நுழைந்தன. இடையில் கழிந்த 19 ஆண்டுகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. பறிப்பவர் போக, புல்சரிவுகளில் பரவும் தீயும் அதற்கு எமன்.

மறுநாள் காலை பொங்காலப்பாறையைத் தாண்டி ஏறினோம். பிப்ரவரி, அது பூக்கும் பருவம். இருபக்கமும் புல் காற்றில் படுத்து எழுந்தது. என் கண்கள் தாமாகவே மஞ்சளைத் தேடின. முன்னால் போன காணி இளைஞர் எந்த இடத்திலும் நடையைத் தளர்த்தவில்லை, பக்கவாட்டில் திரும்பவும் இல்லை. உச்சியில் அகத்தியர் சிலைக்கு முன்னால்தான் நின்றார்.

(பயணம் தொடரும்)