கோட்டுக்கும் கவனிப்பு வேண்டும்

எங்க வீட்டுக்காரரிடம் இருப்பது ஒரே ஒரு கம்பளிக் கோட்டு. கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. 26 வருஷம் கழித்து, இப்போது அதைப் போட்டுக்கொண்டு பெரிய பையன் இன்டர்வியூவுக்குப் போகிறான். புதுசு வாங்குகிற செலவு மிச்சம்.

சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில், கோட்டு போட்டுத் தேய்வதைவிட பீரோவில் தொங்கிக் கெடுவதுதான் அதிகம். கழற்றியதும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். பாக்கெட்டைக் காலி செய்து, அகலமான மர ஹாங்கரில் மாட்டி, ஓர் இரவு காற்றாட விடுங்கள். கம்பி ஹாங்கரில் தோள் கோணிப்போகும். மிருதுவான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கம்பளியைத் தின்பது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழுதான். வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்! ஆகவே சுத்தம் செய்துதான் எடுத்துவைக்க வேண்டும். சலவைக்கடை பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டியில் உறை தைத்துப் போடுங்கள். இஸ்திரி போடும்போது மேலே ஈரத்துணி விரித்துக்கொண்டால் துணி பளபளத்துப் போகாது.

"ரெண்டு அந்துருண்டையைப் போட்டா முடிஞ்சுது, இவ்வளவு வேலை எதுக்கும்மா?" என்பார் என் மாமியார். கைக்குழந்தை இருந்த வரை நான் சம்மதிக்கவே இல்லை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். நாப்தலீன் உருண்டையோடு வைத்த துணியைச் சுற்றினாலே அவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். தவழுகிற பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. குழந்தைத் துணி இருக்கும் பீரோவில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.