மாலைக்குப் பின்

மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், 1929-இல் எழுந்த சிவானந்த வித்தியாலயச் சூழலிலே சுவாமி விபுலானந்தரின் சமாதி உள்ளது. 1947 ஜூலை 19-இல் மறைந்த அவருக்கு ஆண்டுதோறும் மலர்மாலை சூட்டுகிறோம். மாலை வாடிவிடும், அவர் தொடங்கிய பணி வாடலாகாது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரான அவர், அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்.

இலங்கையில் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. பிரியாவிடை விழாக்களில் நான் மேடைப் பேச்சைவிட, அங்கு வராதவர்களையே எண்ணுவதுண்டு. வாவியில் வலைவீசும் குடும்பத்துப் பிள்ளை இடைநடுவில் விலகும்போது, அவனுக்கு வாழ்த்துரை கூறுவார் எவருமிலர்.

ஆசிரியத் தோழர்களே, வெறுமையான அந்த இருக்கைக்குரியவனின் வீட்டைத் தேடிச் செல்வோம். விபுலானந்தருக்கு அதுவே உண்மையான நினைவுவிழா.