பாகான் செராய் முதல் கோப்பெங் வரை: பழைய சாலையில் மோட்டார் சைக்கிள்

மலேசியாவின் முதலாம் எண் கூட்டரசு சாலை ஜொகூர் பாருவில் தொடங்கி, தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாமில் முடிகிறது. அதில் பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள பாகான் செராய்க்கும் ஈப்போவுக்குத் தெற்கே உள்ள கோப்பெங்குக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டே காடு, மலை, ஆறு, குகை என்று புதிதாகப் பழக நினைப்பவருக்கு இந்தத் துண்டைவிடப் பொருத்தமான பாதை பேராக்கில் இல்லை. முதலில் வயல்வெளி, அடுத்து மலைக்கணவாய், கடைசியில் காட்டாறும் குகையும் என்று எளியது முன்னும் கடினமானது பின்னுமாகவே சாலை அமைந்திருக்கிறது.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் இதே திசையில்தான் ஓடுகிறது. அதில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது, நேரமும் பாதியாகக் குறையும். ஆனால் அது ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிற சாலை. அவசரம் உள்ளவர் அதில் போகட்டும். பயணம் போகிறவருக்குப் பழைய சாலைதான்.

பெரிய வண்டி தேவையில்லை. மலேசியர் கப்சாய் என்று அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளே போதும். தோட்டப்புறங்களில் பால்வெட்டுக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஓடித் தேய்ந்த வண்டி அதுதான். பி2 உரிமம் இருந்தால் 250 சிசி வரை ஓட்டலாம். தலைக்கவசம் 1973 முதலும், பகலிலும் முகப்பு விளக்கு எரிவது 1992 முதலும் இந்நாட்டில் கட்டாயம்.

பாகான் செராய் கிரியான் மாவட்டத்தின் நெல் ஊர். பாகான் என்றால் படகுத்துறை, செராய் என்றால் எலுமிச்சைப்புல். கிரியானில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களே அங்கே காடழித்து, வாய்க்கால் வெட்டி, கரும்பு சுமந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது; கூலி ஒப்பந்த முறை 1910இல் நின்றது. குராவ் ஆற்றைப் புக்கிட் மேராவில் மறித்துக் கட்டிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் நிறைவேறியது. இன்று சாலையின் இருபுறமும் தெரியும் பச்சை அந்தத் தண்ணீரால் விளைந்தது.

இந்தப் பகுதியில் சாலை தட்டையானது, பெரும்பாலும் நேரானது. புதிதாக ஓட்டுபவர் வண்டியின் எடையையும் பிரேக்கின் பிடியையும் கையில் உணர்ந்துகொள்ள ஏற்ற இடம் இது. நேர்ச்சாலை வேகத்தைத் தூண்டும் என்பதை மறக்கக் கூடாது. அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் வண்டிகள் விட்டுப்போகும் சேறு, மழைத்தூறல் பட்டால் எண்ணெய்போல் வழுக்கும். மேற்கே கிளைவழியில் போனால் கோலா கூலா. அங்குள்ள சதுப்புநிலக் காட்டில் வலசைப் பறவைகள் வந்திறங்குகின்றன.

செமங்கோலை ஒட்டிக் கிளைபிரியும் பாதை புக்கிட் மேரா ஏரிக்குப் போகிறது. ரயில் பாதை அந்த ஏரியைக் குறுக்கே கடக்கிறது. கமுந்திங் தாண்டினால் தைப்பிங். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது; தூரம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஈயம் ஏற்றுவதற்காகப் போட்ட அந்தப் பாதையின் கட்டுமானத்தில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையும் உழைத்தது. போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செபெத்தாங்.

தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்தில் மழை மிகுந்த ஊர்களில் முதன்மையானது இது. மாலையில் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டிய ஊர். காரணம் அருகிலேயே நிற்கிறது. கடற்காற்று சுமந்துவரும் ஈரத்தைப் புக்கிட் லாருட் மலை தடுத்து மேலே தள்ள, அது குளிர்ந்து பிற்பகலில் கொட்டிவிடுகிறது. ஆகவே இங்கே மலையேற்றம் காலையில்தான். மாக்ஸ்வெல் மலை என்று முன்பு அழைக்கப்பட்ட இது 1884இல் உருவான மலைவாசத்தலம். உயரம் சுமார் 1,250 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஒற்றைப் பாதையில் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மோட்டார் சைக்கிளை அடிவாரத்தில் விட்டு நடக்க வேண்டும். மண்சரிவால் பாதை மூடப்படுவதும் உண்டு. விசாரித்துவிட்டுப் போவது நல்லது. அடிவாரத்துப் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியப் படைவீரர்களும் உறங்குகிறார்கள்.

சங்காட் ஜெரிங் கடந்ததும் வயல்வெளிச் சாலையின் குணம் மாறுகிறது. புக்கிட் கந்தாங், புக்கிட் பெராப்பிட் வழியாகப் பாடாங் ரெங்காஸ் வரை மலையிடுக்கில் வளைந்து வளைந்து ஏறி இறங்குகிறது. பெராப்பிட் மலையை ரயில் இப்போது 3.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் கடக்கிறது. சாலைக்கு அந்த வசதி இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சிறிய கியருக்கு வந்து, பார்வையைச் சக்கரத்தின் முன்னே வைக்காமல் வளைவு முடியும் இடத்தில் வைக்க வேண்டும். பார்வை போகும் பக்கம் வண்டி போகும். இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு போனால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே முறை. லாரிக்குப் பின்னால் பொறுமையாக வருவது கோழைத்தனம் அன்று.

கோலகங்சார் அரச நகரம். 1917இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசலின் பொன்நிறக் குவிமாடம் இவ்வூரின் அடையாளம். ஆனால் தமிழர் நின்று பார்க்க வேண்டியது வேறொன்று: 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சிய ஒரு மரம். தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானோரை இந்த மண்ணுக்கு இழுத்துவந்த தொழிலின் தொடக்கம் அந்த மரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1932இல் திறந்த இஸ்கந்தார் பாலம் பேராக் ஆற்றைக் கடக்க, சாலை சுங்கை சிப்புட்டை அடைகிறது. 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது பாட்டாளிகளின் பணத்தைச் சேர்த்து, அவர்களே தோட்டம் வாங்கும்படி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர்.

செம்மோரிலிருந்து சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுகின்றன. ஈப்போ நகரமே அவற்றின் நடுவில்தான் இருக்கிறது. குனோங் செரோவில் குன்றை ஒட்டி அமைந்த கல்லுமலை முருகனைத் தைப்பூசக் காவடிகள் நாடி வருகின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் காலங்காலமாக அரித்துக் குகையாக்குகிறது. இக்குன்றுகள் அழகுக்கு ஈடாக ஆபத்தும் உடையவை. 1973இல் குனோங் செரோவில் பாறை சரிந்து விழுந்து சுமார் 40 பேர் இறந்தனர்.

ஈப்போவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கோப்பெங். இந்தப் பயணத்தின் உச்சம் இங்கேதான். பழைய ஈய ஊரான இதன் கிழக்கே மலையிலிருந்து பாறைகளில் மோதி இறங்கும் கம்பார் ஆற்றில் காற்றடைத்த ரப்பர் படகில் செல்லும் ராஃப்டிங் நடக்கிறது. ஆற்றின் வேகத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது உலக வழக்கு. கம்பார் ஆறு 1 முதல் 3 வரை உள்ளது, ஆகவே நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியுடன் வழிகாட்டியின் துணையில் இறங்கலாம். படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரோட்டம் உடலை அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும்.

மலாய்க்காரர் கெப்பாலா ஆயர், அதாவது நீரின் தலை, என்று சொல்வது இதைவிட ஆபத்தானது. ஆற்றில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அந்த வெள்ளம் திடீரெனச் சுவர்போல் இறங்கும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவதும், மேல்புறத்தில் இரைச்சல் எழுவதும் அதன் அறிகுறிகள். கண்டவுடன் பொருள்களை எடுக்க நில்லாமல் கரையேறி உயரத்துக்குப் போய்விட வேண்டும்.

கோப்பெங்குக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் குவா தெம்புருங் குகை இருக்கிறது. நீளம் 3 கிலோமீட்டருக்கும் மேல். தீபகற்பத்தின் பெரிய சுண்ணாம்புக் குகைகளில் ஒன்று. அதற்குள் ஓர் ஆறு மலையைத் துளைத்து ஓடுகிறது. படிக்கட்டும் விளக்கும் உள்ள உலர்ந்த பாதையில் பெரியவர்களும் குழந்தைகளும் போகலாம். ஆற்றுப் பாதையில் வழிகாட்டி, தலைவிளக்கு, பழைய உடை, நனைந்தாலும் கழலாத காலணி நான்கும் வேண்டும். சில இடங்களில் நீரில் தவழ்ந்தே செல்ல வேண்டியிருக்கும். வானம் இருண்டிருந்தால் ஆற்றுப் பாதையைக் கைவிட்டு உலர்ந்த பாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குகையிலிருந்து வெளிவந்தவர் களைத்த கையுடனும் ஈர உடையுடனும் அன்றே பாகான் செராய்க்குத் திரும்ப வண்டியை எடுக்க வேண்டாம். கோப்பெங்கிலோ ஈப்போவிலோ இரவு தங்கி, காலையில் புறப்படுங்கள்.