துதிக்கை லை

சென்னீர்குப்பத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது, பெயர்ப்பலகைக்கென்று வாசல் தூணில் ஓர் இடம் விட்டிருந்தோம். அம்மா இருந்தவரை அது காலியாகவே கிடந்தது. "உள்ளே நான் இருக்கேன், வெளியே எதுக்குடா என் பேரு?" என்பார். அவர் மறைந்து ஓராண்டு கழிந்தபின், அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவரும் அந்தப் பலகையைச் செய்ய முற்பட்டோம்.

அம்மாவின் பெயர் 'லை' என்ற எழுத்தில் முடிவது. சிக்கலும் அந்த எழுத்தில்தான் இருந்தது.

கணினியில் எழுத்தை அடித்துக் கொடுத்தால் இயந்திரமே மரத்தில் செதுக்கித் தந்துவிடும் கடைகள் இன்று உண்டு. ஆனால் அம்மா கடைசிவரை எழுதிய லை, நாங்கள் தேடிய எழுத்துருக்களில் கிடைக்கவில்லை. முன்னால் தனித்து நிற்கும் இரட்டைச் சுழி அதற்குக் கிடையாது. எழுத்தோடு ஒட்டித் தலைக்கு மேல் யானைத் துதிக்கைபோல் வளையும் கோடுதான் உண்டு. ஒருங்குறியிலும் அதற்கெனத் தனி இடம் இல்லை. எழுத்துருவைச் செய்பவர் மனம் வைத்தால்தான் அது திரையில் தோன்றும்.

பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை தொடங்கிப் பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. அச்சுக் கோப்பவர்க்கும் தட்டச்சு செய்பவர்க்கும் அது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. பள்ளியில் நாங்கள் கற்றது புதிய லையைத்தான். அம்மா பழையதைக் கற்றவர். கை பழகியதை எந்த ஆணையும் மாற்றவில்லை.

ஒருமுறை ஒரு வங்கியில், இளம் ஊழியர் ஒருவர் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து, "இது என்ன எழுத்தும்மா?" என்று கேட்டார். உடன் சென்றிருந்த நாங்கள் அவருக்கு விளக்கியிருக்கலாம். செய்யவில்லை. சிரித்துக்கொண்டே, "எல்லாரும் எழுதற மாதிரி எழுதேம்மா" என்றோம். அம்மா முதல் வகுப்புப் பிள்ளைபோல் மெல்ல மெல்லப் புதிய லையை எழுதிக் கொடுத்தார். வீடு திரும்பும்வரை ஒன்றும் பேசவில்லை. பலகைக்குப் பின்னால் இருக்கும் கதை இவ்வளவுதான்.

பால் கணக்கு நோட்டில் அவர் எழுதியிருந்த பெயரை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வாங்கினோம். மரக்கடையில் ஓர் அங்குலக் கனத்தில் தேக்குப் பலகை கிடைத்தது. இழைத்து, கார்பன் தாள் வைத்து எழுத்தைப் பிரதி எடுத்தோம். செதுக்குவதற்குக் கையில் பிடித்து ஓட்டும் சிறிய ரூட்டர் இருந்தது. அதன் முனை நிமிடத்திற்கு முப்பதாயிரம் சுற்றுவரை சுழல்வது. தேக்கில் உள்ள மணற்சத்து சாதாரண எஃகு முனையை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் கார்பைடு முனை தேவைப்பட்டது. மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தொடக்கூடாது.

நாங்கள் பூட்டியது தொண்ணூறு பாகை 'வி' வடிவ முனை. மூன்று மில்லிமீட்டர் இறக்கினால் ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் கோடு விழும். ஆழம் கூடக்கூடக் கோடு தடிக்கும். ஆனால் பேனாவைப்போல் சொன்னபடி நடப்பதில்லை. முனை வலஞ்சுழியாகச் சுற்றுவதால், முன்னே தள்ளும்போது இயந்திரம் இடப்பக்கம் விலகப் பார்க்கும். மரத்தின் ரேகையோ தன் போக்கில் இழுக்கும். பழைய பலகைத் துண்டுகளில் ஒரு வாரம் பழகினோம். நேர்க்கோடுகள் கோணின, வளைவுகள் ஒருவாறு படிந்தன. ஓலையில் நார் கிழியாமலிருக்கத்தான் தமிழ் எழுத்துகள் வளைந்தன என்பார்கள். ஓலைக்கு அஞ்சி வளைந்த எழுத்து மரத்திலும் எங்களைக் காத்தது. புள்ளியோ இதற்கு மாறானது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று அக்காலத்தில் புள்ளியையே விட்டுவிட்டனர். ரூட்டரில் எல்லாவற்றிலும் எளியது புள்ளிதான்: ஒருமுறை இறக்கி எடுத்தால் போதும்.

துதிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பேனாவின் மை எங்கே திரண்டிருக்கிறது, எங்கே மெலிகிறது என்று கவனித்தபோதுதான் அம்மாவின் கை நகர்ந்த வழி பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் வளைவின் உச்சியில் சற்று நின்றே அவர் இறங்கியிருந்தார். அத்தனை ஆண்டுகள் கண்ணெதிரே எழுதியவரின் கையை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

துதிக்கை பாதி வளைந்திருந்தபோது மின்சாரம் போனது. விசையை அணைக்க மறந்தோம். சில நிமிடங்களில் மின்சாரம் திரும்பியதும், பள்ளத்தில் நின்றிருந்த இயந்திரம் தானாகத் துள்ளியது. விரல்கள் தப்பின. உச்சிக்கு அருகே அரிசி அளவு மரம் சிதைந்தது. அதே பலகையின் தூளைப் பசையில் குழைத்து அடைத்தோம். அருகில் வந்து பார்த்தால் இன்றும் தெரியும். வேறு பலகை எடுக்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டோம்.

எண்ணெய் பூசி, தூணில் மாட்டினோம். இரண்டு நாள் கழித்துப் பார்சல் கொண்டுவந்த பையன் பலகையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கடைசி எழுத்து என்ன சார்?" என்று கேட்டான்.

"லை, தம்பி. எங்கம்மா எழுதற லை."