கட்டை மலிவு, பொருத்துவதுதான் வேலை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஓசேஜ் ஆற்றங்கரைச் சிற்றூர் வார்சா. அந்த நாட்டு வேட்டைக்காரர்களுக்கு அது துப்பாக்கிக் கட்டைகளின் ஊர். ஃபாஜென், பிஷப் என்ற இரு பெயர்பெற்ற பட்டறைகளும் அங்கேதான் இயங்கின. அந்த மண்ணில் செழித்து வளரும் கருவால்நட் மரத்தை அறுத்து, உலர்த்தி, செதுக்கி நாடெங்கும் அனுப்பினார்கள். அந்த இரு பட்டறைகளும் மூடப்பட்டுவிட்டன. தொழில் மட்டும் சிறு பட்டறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பார்த்த பட்டறையில் அறுபதைக் கடந்த ஒரு கைவினைஞரும் அவரிடம் வேலை பழகும் இளைஞரும் இருந்தார்கள். நவம்பர் நடுவில் மான் வேட்டை தொடங்குவதால் அக்டோபரில் அவர்களுக்கு ஓய்வில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர் தன் ரெமிங்டன் 700 ரைபிளைக் கொண்டுவந்திருந்தார். கைப்பிடி குறுகும் இடத்தில் கட்டை பிளந்திருந்தது. செலவு குறைவாக ஒன்று வேண்டும் என்றார்.

அந்த ரைபிள் 1962இல் வந்த ரகம். அதனால் மாற்றுக்கட்டைக்குப் பஞ்சமில்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை மழைக்கு அஞ்சாது, விலையும் குறைவு. ஆனால் மட்டமானவற்றின் முன்பகுதி வளையும்; வார்ப்பட்டையை இறுக்கிப் பிடித்தால் குழலில் போய் இடிக்கும். பிர்ச் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, பசையிட்டு அழுத்திச் செய்யும் அடுக்குக்கட்டை கனமானது. ஈரத்தில் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. தெற்கு டகோட்டாவின் மிட்செல் நகரில் பாய்ட்ஸ் நிறுவனம் இவற்றைப் பெருமளவில் செய்கிறது.

கைவினைஞர் முதலில் தேடச் சொல்வது பழைய கட்டையைத்தான். விலையுயர்ந்த கட்டைக்கு மாறுகிறவர்கள் ஆலைக் கட்டையைக் கழற்றி விற்றுவிடுவார்கள். நல்ல வால்நட்டே சல்லிசாகக் கிடைக்கும். வாங்கும் முன் மூன்றைப் பார்த்தாக வேண்டும். தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப்பகுதி .30-06 தோட்டாவுக்கு நீளம், .308க்குக் குட்டை, ஒன்றின் கட்டை மற்றதற்கு ஆகாது. தோட்டாப் பெட்டியின் அடித்தட்டு திறப்பதா, மூடியதா? குழல் மெலிந்ததா, தடித்ததா? இவற்றைக் கேட்காமல் வாங்கிய கட்டை விறகுதான்.

ஓட்டுநருக்கு அப்படியொரு வால்நட் கட்டை அகப்பட்டது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

இளைஞர் ரைபிளின் இரும்புப் பகுதியின் அடிப்பக்கத்தில் விளக்குப்புகை பிடித்துக் கரியேற்றினார். கட்டையில் இறக்கி எடுத்தார். மரத்தில் கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சுரண்டினார். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். பொறுமையே இங்கே கருவி. ஒரு மேட்டை விட்டுவைத்தாலும் திருகை முடுக்கும்போது இரும்பு இழுபட்டு நெளியும். குண்டு நிலையாக ஓரிடத்தில் விழாது.

சுடும்போது பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்துவது குழலுக்கும் இயக்கப்பகுதிக்கும் இடையே செருகிய சிறு எஃகுத்தகடு. அதன் பின்முகம் மரத்தில் முழுமையாகப் பதிய வேண்டும். முன்னும் பக்கமும் அடியும் தொடக்கூடாது. அந்த மூன்றிலும் நாடா ஒட்டி, இரும்பெங்கும் மெழுகு பூசி, எபாக்சிப் பசையில் அமர்த்தினார்கள். மெழுகு விட்டுப்போனால் இரும்பும் மரமும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மூத்தவர் ஒவ்வொரு மூலையையும் தொட்டுப் பார்த்தார்.

பசை இறுகிய மறுநாள், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுத்தார். எங்கும் தடைபடவில்லை.

ரசீதில் கட்டையின் விலையைவிடக் கைக்கூலி கூடுதல். கரி படிந்த அந்த விரல்களைப் பார்த்த எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஓட்டுநரும் பேரம் பேசவில்லை. கட்டை மாறினால் குறியும் மாறியிருக்கும் என்பதால், நூறு கஜ இலக்கில் சுட்டுத் தொலைநோக்கியைத் திருத்த ஒரு பெட்டித் தோட்டா வாங்கிக்கொண்டார்.