முள் நகராத மாதம்

அங்கன்வாடிக்கு வரும் பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. மதியம் சூடாகக் கலவைச் சாதம், வாரத்தில் 3 நாள் முட்டை, பக்கத்திலேயே டீச்சரும் ஆயாவும். கவலையெல்லாம் வராத பிள்ளையைப் பற்றித்தான். 6 மாதம் முடிந்ததிலிருந்து 2 வயது நிரம்பும்வரை குழந்தை வீட்டில் இருக்கிறது. வளர்ச்சி தடுமாறுவதும் பெரும்பாலும் அந்த ஒன்றரை வருடத்தில்தான். அந்த வயதுக்கு நாங்கள் கொடுத்தனுப்புவது முக்கியமாகச் சத்துமாவுப் பாக்கெட். பாக்கெட் படி தாண்டியதும் அது வீட்டுக்கே பொதுவாகிவிடும். அக்காளுக்கு ஒரு உருண்டை, தாத்தாவுக்கு ஒரு டம்ளர் கஞ்சி. இதற்காக யாரையும் கடிந்துகொண்டு பயனில்லை. பசியுள்ள வீட்டில் ஒரு வாய்க்கு மட்டும் சோறு பொங்க மாட்டார்கள்.

மேற்பார்வைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது பதிவேட்டை அல்ல, எடை போடும் விதத்தை. உத்தரத்தில் தொங்கும் தராசில் காலி ஜட்டியை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பிள்ளையின் சட்டை, கொலுசு, வெள்ளி அரைஞாண், வசம்பு வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாணைக் கழற்றப் பாட்டிகள் லேசில் விட மாட்டார்கள். பிள்ளை கால் உதைத்து அலறும், முள் ஆடும். அது அடங்கும் நொடியில் கண்ணுக்கு நேரே வைத்துப் படிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலும் 100 கிராம் தப்பிவிடும். 9 மாதப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் கூடுவதே 200, 300 கிராம்தான். அதில் 100 பிழையென்றால் அந்த மாதக் கணக்கே போச்சு.

வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு இருக்கின்றன. சிவப்பில் எத்தனை பேர் என்றுதான் மேலே கேட்பார்கள். என்னைக் கேட்டால், மஞ்சளில் இருந்தாலும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, பச்சையிலேயே இருந்து 2 மாதமாகக் கோடு படுத்துவிட்ட பிள்ளையின் வீட்டுக்குத்தான் முதலில் ஓட வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இப்படித்தான் இயங்கியது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். போதிய அளவு கூடாத பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லாருக்கும் உண்டு என்ற இன்றைய முறையில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தராசுக்கும் தட்டுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் கடுமையாக மெலிந்த குழந்தைகளைத் தேடிப் பிடிக்கிறது, நல்ல வேலை. ஆனாலும் கைச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கிய பிறகு பிடிப்பது தாமதம்தான்.

எடை கூடாத வீட்டுக்குப் போனால் நேராக அடுப்படிக்குப் போவேன். தாய் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாள். கஞ்சி காய்ச்சுவது மாமியார். தர்மபுரிப் பக்கம் ஒரு வீட்டில் கிண்ணத்தில் இருந்தது கஞ்சியா, கழுநீரா என்றே தெரியவில்லை.

“கெட்டியா குடுத்தா மாந்தம் புடிச்சுக்கும் கண்ணு.”

“களி கிண்டுற கை பாட்டி உங்களுது. பேரனுக்கு மட்டும் தண்ணியா?”

சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் மற்ற பேச்சு. 8 கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 240 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஓடக் கூடாது. மேலே ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் 45 கலோரி கூடுகிறது. தாய்ப்பால் குடிக்கும் 9 மாதப் பிள்ளைக்கு மற்ற உணவிலிருந்து நாளைக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். கலோரிக் கணக்கைப் பாட்டியிடம் சொல்லவில்லை. எண்ணெயை நானே விட்டுக் கிண்டிக் காட்டினேன்.

பதிவேட்டுக்கும் வீட்டில் நடப்பதற்கும் உள்ள இந்த இடைவெளி கர்ப்பிணிகள் விஷயத்திலும் உண்டு. அதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிக் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை, 48.3 சதவீதம் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. மாத்திரை கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் இருக்கும். விழுங்கினாளா, விழுங்கியதை டீயோடு விழுங்கினாளா என்று கேட்பவர் குறைவு. டீ இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

அதே ஆய்வின்படி இங்கே 5 வயதுக்குட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. மேலே இருப்பவர்களிடம் நான் கேட்பது புதுத் திட்டம் அல்ல. மாத அறிக்கையில் இரண்டு கட்டம் சேருங்கள்: 2 வயதுக்குட்பட்டவர்களில் போன மாதத்தைவிட எடை கூடாத பிள்ளைகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அந்த வாரமே ஆள் போனது. சிவப்பின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு கேளுங்கள்.