பெயர்ப் பட்டியல்

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், மூன்றாம் மாடியிலுள்ள சிறு வீடொன்றில் மாதத்தின் கடைசி ஞாயிறன்று நாம் ஐவர் அறுவர் கூடுவதுண்டு. சங்கம் என்ற பெயரோ, தலைவர் செயலாளர் என்ற பதவிகளோ எமக்கில்லை. பெரும்பாலார் ஆசிரியர், பல்கலைக்கழக மாணவர் இருவர், எம்மிற் பலருக்கு ஒருகாலத்திற் கணிதம் கற்பித்து இளைப்பாறிய மாஸ்ரர் ஒருவர். பழைய நாடகமோ திரைப்படமோ ஒன்றைப் பார்ப்போம். பின்னர் பிளேன் ரீயும் கடலை வடையும் தீரும்வரை அதனை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போடுவோம். பார்ப்பதிலும் பிரிப்பதே எமக்கு இனிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்மையிலொரு ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஆங்கில ஆசிரிய நண்பர் கொண்டுவந்தது 'டாட்ஸ் ஆர்மி' என்னும் பி.பி.சி. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் ஓர் அங்கம். 'த டெட்லி அற்றாச்மென்ற்' என்பது அதன் பெயர். 1973 ஒக்டோபர் 31ஆந் திகதி முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று.

தொடரை அறியாதோருக்குச் சிறிது சொல்லவேண்டும். 1940 மே 14ஆந் திகதி, நாஸிப் படைகள் பிரான்சை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த வேளையில், பிரித்தானிய யுத்த மந்திரி அந்தனி ஈடன் வானொலியில் ஓர் அழைப்பு விடுத்தார். இராணுவத்திற் சேர வயது கடந்தோரும், அவ்வயதை இன்னும் எட்டாதோரும் இலட்சக்கணக்கில் முன்வந்தனர். இவ்வாறு அமைந்ததே ஊர்காவற்படை. (இச்சொல் எமது நாட்டு வாசகர் உள்ளத்தில் வேறு நினைவுகளை எழுப்பும், அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போமாக.) அப்படையைப் பற்றி ஜிம்மி பெரி, டேவிட் குரொஃப்ற் என்னும் இருவர் எழுதிய இத்தொடர் 1968 முதல் 1977 வரை 80 அங்கங்களாக வெளிவந்தது. பெரி தாமே இளம் பிராயத்தில் அப்படையிற் பணிபுரிந்தவர்.

கற்பனையான ஒரு கடற்கரைப் பட்டினம். அங்குள்ள வங்கி முகாமையாளர் மனரிங் படைக்குத் தலைவராகிறார். வங்கியில் அவருக்கு அடுத்த நிலையிலுள்ள வில்சன் சார்ஜன்ற். வங்கியின் கடைக்குட்டிக் கிளார்க்கு பைக் சாதாரணச் சிப்பாய். வங்கிப் படிநிலை அப்படியே படைப் படிநிலையாகிவிட்டது! ஆயினும் வில்சன் குலத்தால் உயர்ந்தவர், பணக்காரப் பிள்ளைகள் பயிலும் பள்ளியிற் படித்தவர். மனரிங்கோ தட்டுத் தடுமாறிப் படியேறி வந்தவர். கட்டளையிடுபவர் தாழ்வு மனப்பான்மையாற் புழுங்க, கட்டளைக்குப் பணிபவர் அலட்சியமாகப் புன்னகைப்பார். வர்க்கம் என்பது சம்பளப் பட்டியலில் மட்டும் இருப்பதன்று, நிற்கும் தோரணையிலும் பேசும் தொனியிலும் இருப்பது என்பதை இத்தொடரைப் போல எளிதாக விளக்கும் பாடநூலை நாம் கண்டதில்லை.

குறித்த அங்கத்தின் கதை இது. மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் ஜேர்மன் மாலுமிகளை மீன்பிடிப் படகொன்று மீட்டுக் கரை சேர்க்கிறது. விடியும்வரை அவர்களைக் காவல்செய்யும் பொறுப்பு மனரிங்கின் கிழட்டுப் படைக்கு வந்துவிடுகிறது. கைதிகளின் தலைவனான கப்டனோ கைதியாகவே தோன்றவில்லை. இராப்போசனமாக வரவழைக்கப்படும் பொரித்த உருளைக்கிழங்கு எவ்வாறிருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறான். நள்ளிரவில் நோய் வந்தவன்போல நடித்துத் துப்பாக்கியைப் பறிக்கிறான். கசாப்புக்கடைக்காரக் கிழவர் ஜோன்ஸின் காற்சட்டைக்குட் கைக்குண்டொன்றைச் செருகி, அதன் ஊசியிற் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முழுப் படையையும் துறைமுகத்துக்கு நடத்திச் செல்கிறான். வழியிற் கயிறு இழுபட்டுவிடுகிறது. குண்டோ வெடிக்கவில்லை. உண்மையான வெடியூசியைப் பொருத்துவது ஆபத்து என்று கருதிய வில்சன், தலைவரின் கட்டளையை மீறிப் பொய்யூசியைப் பொருத்தியிருந்தார்!

இவ்விடத்தில் எமது பிரிப்பு வேலை தொடங்கிற்று. குண்டு முதலில் மனரிங்கின் காற்சட்டைக்குள்ளேயே போவதாக எழுதப்பட்டிருந்தது என்றும், அப்பாத்திரத்தை ஏற்ற ஆர்தர் லோ மறுத்துவிட்டமையால் ஜோன்ஸின் தலையில் விழுந்தது என்றும் கொட்டாஞ்சேனை நண்பர் சொன்னார். மேலதிகாரி மறுத்தது கீழுள்ளவன் தலையில் விழுவது நாடகத்துக்கு வெளியேயும் வழக்கந்தான் என்றார் ஒருவர். ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன், 1941இல் கிரேக்கத்திற் சிறைப்பட்டு, யுத்தம் முடியும்வரை ஜேர்மனியரின் கைதியாக இருந்தவர். தள்ளாடும் கிழவராக வரும் ஆர்னோல்ட் றிட்லி 1916இல் சோம் போர்க்களத்திற் காயமுற்றவர். இவற்றை அறிந்தபின் அவ்விருவரின் கோமாளித்தனத்தை முன்போற் பார்க்க இயலவில்லை.

மாணவருள் ஒருவருக்கு இத்தொடர் அடியோடு பிடிக்கவில்லை. ஜோன்ஸ் வாய் திறந்தாற் சூடான் யுத்தத்தைப் பற்றித்தான் பேசுவார். துப்பாக்கி முனைக் கத்தியைக் கண்டால் அந்நாட்டவர் அஞ்சுவர் என்பது அவரது மாறாத பல்லவி. 1898 செப்ரெம்பர் 2ஆந் திகதி ஒம்துர்மானில் ஒரு காலைப் பொழுதிற் பத்தாயிரம் சூடானியர் வரையிற் கொல்லப்பட்டனர். கிச்சினரின் தரப்பில் இறந்தோர் ஏறக்குறைய ஐம்பதின்மர். கத்தியன்று, இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியுமே அவ்வேலையைச் செய்தன. அதைச் சொல்லிச் சிரிக்கலாமா என்று கேட்டார் மாணவர். கேள்வி நியாயமானது. இவ்விரு எழுத்தாளரும் பிற்பாடு இந்தியாவைக் களமாக வைத்து எழுதிய தொடரில் வெள்ளைக்கார நடிகர் ஒருவர் முகத்திற் பழுப்பு நிறம் பூசி இந்தியராக நடித்தார் என்பதையும் நாம் எடுத்துக்கொடுத்தோம். சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்ற கேள்வியைக் கேளாமல் எந்த நகைச்சுவையையும் விட்டுவிடக் கூடாது என்பது எமது நெடுநாட் கொள்கை.

ஆயினும் அன்று அவையைப் பிடித்து நிறுத்தியது வேறொரு காட்சி.

ஜேர்மன் கப்டன் கையிற் குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறான். தன்னை அவமதிப்போரின் பெயர்களை அதிற் குறித்துக்கொள்கிறான். யுத்தத்தில் வென்றபின் கணக்குத் தீர்ப்பானாம். அந்நேரம் பார்த்து இளைஞன் பைக் ஹிட்லரை நையாண்டி செய்து பாடுகிறான். உன் பெயரும் பட்டியலிற் சேரும், பெயர் என்ன என்று கப்டன் கேட்கிறான். சொல்லாதே என்று மனரிங் பதறிக் கத்துகிறார். ஆனால் கத்தும்போதே பைக்கின் பெயரைச் சொல்லி அழைத்துவிடுகிறார்!

எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம்; சிரித்தபின் தொண்டையில் ஏதோ தங்கிற்று. பட்டியல் என்ற சொல் கொழும்புத் தமிழருக்கு இலேசான சொல்லன்று. யுத்த காலத்தில் எமது வீட்டிற் சாமிப் படத்துக்குப் பின்னால், பிளாஸ்ரிக் உறைக்குள், பொலிஸ் பதிவுப் பத்திரம் இருந்தது. வீட்டில் இருப்போர் யார் யார், வந்திருப்போர் யார், எதற்காக வந்தனர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்தால் முதல் வேலை தேநீர் கொடுப்பதன்று, பெயர் பதிவதே. 2007 யூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் தடுத்தது. பின்னர் பிரதமரே வருத்தம் தெரிவித்தார். அப்பொழுது நாம் உயர்தர வகுப்பு மாணவர். எமது ஒழுங்கை முனையில் இருந்த லொட்ஜின் வாசலில் ஒற்றைச் செருப்பொன்று இரண்டு நாள் கிடந்தது நினைவிருக்கிறது.

மனரிங் ஏன் அப்பெயரைச் சொன்னார்? இதுவே விவாதத்தின் முடிச்சாயிற்று. வெறும் மடைமை என்றார் நண்பர். அதில் நாம் திருப்தியுறவில்லை. வங்கி முகாமையாளர் தம் கிளார்க்கனை எதிரியின் புத்தகத்திற் சேர்த்துவிடுகிறார். தம் பெயரையன்று, தமக்குக் கீழுள்ளவன் பெயரை. நடுத்தர வர்க்கம் நெருக்கடி வேளையில் எவரைக் கைவிடும் என்பதற்கு இது சான்று என்று நாம் சற்று நீளமாகவே எடுத்துரைத்தோம். மாணவர் தலையசைத்தனர். வகுப்பறையாயிருந்தால் அத்துடன் மணி அடித்திருக்கும்.

மூலையிலிருந்து மாஸ்ரர் சொன்னார்: "இல்லைத் தம்பி. அந்த மனிசன் பெடியனைக் காப்பாத்தத்தானே வாயைத் திறந்தவர்."

பின்னர் அவர் சொன்னதை எமது நடையிலே தருகிறோம்.

1983 யூலை 25, திங்கட்கிழமை. வெள்ளவத்தை எரிந்துகொண்டிருந்தது. மாஸ்ரரும் மனைவியும் ஆறு வயது மகனும் அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினிக்குள் ஒளிந்திருந்தனர். படலையிற் கும்பல். அதில் ஒருவன் கையில் வாக்காளர் இடாப்பு. (அவ்வாண்டுக் கும்பல்கள் இடாப்புகளுடன் திரிந்தமை பலரும் பதிந்துள்ள செய்தியே.) மாஸ்ரரின் பெயரை வாசித்து, இவர்கள் எங்கே என்று கேட்டான். வீட்டுக்கார அம்மாள், போன கிழமையே யாழ்ப்பாணம் போய்விட்டார்கள் என்று சற்றும் தயங்காமற் சொன்னார். அவ்வேளை புகை மணத்தைக் கண்டு சிறுவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். மாஸ்ரர் பதறிப்போய், அவனது பெயரைச் சொல்லி, சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டார். சுத்தத் தமிழ்ப் பெயர். முருகனுடைய பெயர்களுள் ஒன்று. படலை வரை கேட்டது.

படலையிற் பேச்சு நின்றது. அம்மாள் திரும்பிக்கூடப் பாராமல், வானொலிச் சத்தத்தைக் குறை என்று உள்ளே இருந்த மகளை நோக்கிச் சிங்களத்திற் கத்தினார். வீட்டிலோ வானொலி பாடவேயில்லை. அந்தப் பெண் பிள்ளை ஓடிச்சென்று முதலில் வானொலியைப் போட்டு, தமிழ் நிலையத்துக்குத் திருப்பி, உரக்க வைத்து, அதன்பின்னரே குறைத்தாளாம்! கும்பல் போயிற்று. மாஸ்ரரின் வீட்டை எரித்துவிட்டே போயிற்று.

இதைச் சொல்லும்போது மாஸ்ரர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எமக்கோ சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒம்துர்மானைப் பற்றிக் கேட்ட மாணவரே முதலிற் சிரித்தார், பின் எல்லோரும்.

அந்தச் சிரிப்பை எப்படி விளங்கிக்கொள்வது? எழுபதுகளில் எமது வானொலியிலே 'கோமாளிகள் கும்மாளம்' என்றொரு தொடர் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சும், முஸ்லிம் மக்களின் பேச்சும், பிராமணப் பேச்சும், சிங்களவர் ஒருவர் பேசும் தமிழும் அதில் ஒன்றையொன்று கேலிசெய்தன. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமுமாயிற்று. எவருடைய உச்சரிப்பும் எவருக்கும் உயிராபத்தாகாத ஒரு மேடை அது. 1983 கலவரத்திலோ, வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். உச்சரிப்புப் பிசகினால் உயிர் போயிற்று. பிரித்தானியர் தம் யுத்தம் முடிந்து 23 ஆண்டுகள் கழித்து 'டாட்ஸ் ஆர்மி'யை எடுத்தனர். வென்றவர் அவர்; கப்டனின் புத்தகம் கடலோடு போயிற்று. எமது யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. இங்கு அப்படியொரு நாடகம் எழ இன்னும் எவ்வளவு காலம் செல்லும் என்று நாமே கேட்டோம்.

"மேடையிலை வரேல்லை எண்டு சொல்லும். எங்கடை வீட்டிலை அது நாற்பது வருசமா நடக்குது," என்றார் மாஸ்ரர். மகன் இப்பொழுது கனடாவில் இருக்கிறார். ஞாயிறு தோறும் தொலைபேசியில் அழைப்பார். தந்தை எவரைப் பற்றியேனும் உரக்கப் பேசத் தொடங்கினால், "அப்பா, வானொலியைக் குறையுங்கோ" என்பாராம். அந்தச் சிங்கள அம்மாள் இறந்தபோது மகன் அங்கிருந்து வந்து மரணச் சடங்கில் நின்றார். வானொலியைப் போட்ட பெண்ணும் அவரும் சடங்கு வீட்டின் பின்புறத்தில் நின்று அதையே சொல்லிச் சிரித்ததை ஊரார் ஒருமாதிரிப் பார்த்தனராம்.

எமது வர்க்க விளக்கத்தை நாம் மீட்டுக்கொள்ளவில்லை. மனரிங் மனரிங்தான், வங்கி வங்கிதான். ஆனால் அடுத்த தவணையில் இக்காட்சியை மாணவருக்குக் காட்டினால், அவ்விளக்கத்தை முதலிற் சொல்லப் போவதில்லை.

மகனின் பெயர் என்ன என்று இளைய மாணவர் கேட்டார். மாஸ்ரர் சொன்னார். நாம் அதனை இங்கு எழுதோம்.

ரீ ஆறிப்போயிருந்தது. கொட்டாஞ்சேனை நண்பர் கடைசி 155 பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார். மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அந்த இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ பாப்பம்," என்றார்.